பிராய்லர் கோழியும் பச்சை ஓலைக் குடிசையும்

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற நெடுஞ்சாலையில் ஆண்டகளூர் கேட்டைத் தாண்டினால் புதுச்சத்திரம். சாலையை விட்டு உள்ளே திரும்பினால் சோளக்காட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் நீள நீளமாகக் கோழிப்பண்ணைக் கொட்டகைகள். காற்று திரும்பினால் வாசனையும் திரும்பும். முட்டை லாரி, தீவன லாரி, ரிக் வண்டி. முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்து வாசலில் ஃப்ளெக்ஸ்: மணப்பெண் மாதிரி நகை போட்ட ஒரு சிறுமி, கீழே தாய்மாமன்கள் பெயர் வரிசை. தெரட்டிச் சீர், மஞ்சள் நீராட்டு, பூப்பு நன்னீராட்டு விழா என்று வசதிக்கேற்ற பெயர்.

இந்தச் சீர் வீடுகளில் பந்தியில் உட்கார்ந்து கேட்டால் ஒரு வாக்கியம் கட்டாயம் காதில் விழும். “நம்ம காலத்துல பதினாலு பதினஞ்சு ஆச்சு. இப்ப அஞ்சாவது படிக்கறப்பவே ஆயிருதுங்க. எல்லாம் இந்த பிராய்லர் கோழி பண்ற வேலை.” சொல்கிறவர் பெரும்பாலும் பெண். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். பக்கத்திலேயே அந்தப் புள்ள உட்கார்ந்திருக்கும், தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்தும் தெரியாமலும்.

தமிழ்நாடு முழுக்க இதைச் சொல்கிறார்கள். ஆனால் நாமக்கல் பக்கம் சொல்லும்போது அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு உயிர் எப்போது, எதனால் பருவத்துக்கு வருகிறது என்பதைக் காசு போட்டு, எடை போட்டு, நாள் கணக்கு வைத்துத் தெரிந்து வைத்திருக்கும் ஊர்கள் இவை.

இங்கே இருப்பதில் பெரும்பகுதி கறிக்கோழி அல்ல, முட்டைக்கோழி. கறிக்கோழிக்குப் பேர்போனது பல்லடம். முட்டைக்கோழிக் குஞ்சு வளர்ந்து முதல் முட்டை இட ஏறக்குறைய 18 முதல் 20 வாரம். அதற்கு முன்னால் பண்ணைக்காரர் வாராவாரம் சில கோழிகளைப் பிடித்து எடை பார்ப்பார். எடை சேராமல் முட்டைக்கு வந்தால் முட்டை சிறுசாக இருக்கும், கோழிக்குக் குடல் வெளியே தள்ளும், சீக்கிரம் ஓய்ந்துவிடும். அதனால் வெளிச்சத்தைக் கூட்டும் நாளைத் தள்ளிப்போடுவார். எடை சரியாக இருந்தால் விடியலிலும் அந்தியிலும் விளக்குப் போட்டு, வெளிச்ச நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக 16 மணி நேரம் வரை கொண்டுபோவார். பறவையின் மூளை மண்டையோட்டைத் தாண்டி வரும் வெளிச்சத்தையும் நேராக உணரும். நாள் நீளுகிறது என்று தெரிந்ததும் சினைப்பைக்குக் கட்டளை போகும். எட்டாவது தாண்டாத பண்ணையாளுக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம்: உடம்பு முதலில் சேரணும், அப்புறம்தான் முட்டை.

இத்தனை தெரிந்த ஊரில் பெண் குழந்தை விஷயத்துக்கு மட்டும் ‘ஹார்மோன் ஊசி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். கறிக்கோழிக்கு வளர்ச்சி ஹார்மோன் போடுவதில்லை. போட்டாலும் கட்டுப்படியாகாது. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் செரித்துப் போய்விடும். ஊசியாகப் போடுவதென்றால் கொட்டகையில் இருக்கும் ஆயிரக்கணக்கான கோழிகளைத் திரும்பத் திரும்பப் பிடித்துப் போட வேண்டும். மக்கள் கண்ணால் பார்க்கும் ஊசியும் சொட்டு மருந்தும் வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்களுக்கான தடுப்பு மருந்து. ஆறு வாரத்தில் கோழி இரண்டு கிலோ ஆவது பல பத்தாண்டுத் தேர்வினக் கலப்பின் விளைவு. அமெரிக்காவில் 1948ல் ‘நாளைய கோழி’ என்று போட்டியே வைத்து வேகமாகச் சதை போடும் இனங்களைப் பொறுக்கினார்கள்; அங்கிருந்து வந்த வம்சாவளி இது. கோழித்துறையில் உண்மையாகவே கவலைப்பட வேண்டியது வேறு: ஆன்டிபயாட்டிக். மனிதருக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். இந்திய அரசு 2019ல்தான் தடை செய்தது. அதைப் பற்றி எந்தப் பந்தியிலும் பேச்சு வருவதில்லை.

ஆனால் பந்தியில் அந்த அம்மா பார்த்தது பொய் இல்லை. வயசு குறைந்துதான் வந்திருக்கிறது. காரணம்தான் தப்பு. காரணத்தைத் தப்பாகச் சொல்வது நம்மிடம் புதிதாகத் தொற்றியதும் இல்லை. பிராய்லருக்கு முன்னால் அந்த இடத்தில் வெயில் இருந்தது.

1748ல் மாந்தெஸ்கியு ‘சட்டங்களின் ஆன்மா’ நூலை வெளியிட்டார். வெப்ப நாடுகளில் பெண்கள் எட்டு, ஒன்பது, பத்து வயதிலேயே கல்யாணத்துக்குத் தயாராகிவிடுகிறார்கள், அழகு இருக்கும்போது அறிவு வருவதில்லை, அறிவு வரும்போது அழகு போய்விடுகிறது, அதனால் அங்கே பெண் அடங்கியே இருப்பாள் என்பது அவருடைய வாதம். பிரான்ஸில் உட்கார்ந்து எழுதியது. நூறு வருஷத்துக்கு மேலாக ஐரோப்பிய மருத்துவ நூல்களில் இது உண்மையாகவே வலம்வந்தது. வெயில் காயைப் பழுக்க வைக்கிறதே, பெண்ணையும் பழுக்க வைக்காதா?

அதை எதிர்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஜான் ராபர்ட்டன். மான்செஸ்டரில் பிரசவம் பார்த்த மருத்துவர். 1830கள், 40களில் இந்தியாவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் இன்னும் பல இடங்களிலும் இருந்த மருத்துவர்களிடமும் மிஷனரிகளிடமும் கேட்டு வயசுக் கணக்குகளைத் திரட்டினார். வெயிலுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். இந்தியாவில் சிறுமிகளுக்குக் கல்யாணம் செய்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் சீக்கிரம் பருவமடைவதாக நினைத்துக்கொள்கிறார்கள் என்றார். வழக்கத்தை உடம்பின் மேல் ஏற்றிச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். ராபர்ட்டனின் எழுத்தில் மிஷனரி மேட்டிமைத்தனம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அன்றைக்கு எண்ணிப் பார்த்தவர் அவர். மற்றவர்கள் வெயிலை மட்டும் பார்த்தார்கள்.

யார் சொன்னது எடுபட்டது? 1860ல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் கணவனே ஆனாலும் மனைவிக்குப் பத்து வயது நிறையாமல் தொட்டால் குற்றம் என்றது. பத்து நிறைந்துவிட்டால் குற்றமில்லை. 1890ல் கல்கத்தாவில் பத்து வயதைத் தாண்டியிருந்த பூல்மணி தாசி கணவனின் வன்முறையில் இரத்தப்போக்கில் இறந்தாள். கணவன் ஹரி மோகன் மைத்தி நடுத்தர வயதை நெருங்கியவன். வன்புணர்வுச் சட்டம் அவனைத் தொட முடியவில்லை. ஒரு வருஷக் கடுங்காவலோடு முடிந்தது. இந்தியாவில் வேலை பார்த்த 50க்கும் மேற்பட்ட பெண் மருத்துவர்கள் தாங்கள் கையால் வைத்தியம் பார்த்த சிறுமிகளின் காயங்களைப் பட்டியலிட்டு அரசுக்கு மனு கொடுத்தார்கள். 1891 மார்ச்சில் வயசு பத்திலிருந்து பன்னிரண்டு ஆனது.

இரண்டே வருஷம் கூட்டியதற்கு நாடே கொந்தளித்தது. திலகர் எதிர்த்தார். கல்கத்தா மைதானத்தில் பெருங்கூட்டம் கூடியது. எதிர்த்தவர்களின் வாதம் முழுக்க ஒரே ஒரு நாளைச் சுற்றி இருந்தது. முதல் உதிரம் கண்டதும் கர்ப்பாதானம் செய்ய வேண்டும். பன்னிரண்டுக்கு முன்னாலேயே ஒரு பெண் ருதுவானால் இந்தச் சட்டம் மதத்தில் கை வைக்கிறது. அதாவது அந்த ஒரு நாளில் குழந்தை பெண்ணாகிவிடுகிறாள், வேலை முடிந்தது. முதல் உதிரம் முதிர்ச்சி அல்ல, முதிர்ச்சிக்குப் போகிற வழியில் ஒரு படி என்று மருத்துவர்கள் சொன்னது அந்தச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. இடுப்பெலும்பு அதற்குப் பிறகும் பல வருஷம் வளர்கிறது என்பது இன்று நன்றாகத் தெரிந்த விஷயம். பதிமூன்றில் கர்ப்பமான பெண்கள் ஏன் பிரசவத்தில் செத்தார்கள் என்பதற்குப் பாதி விடை அதில் இருக்கிறது.

அந்த ஒரு நாள் பள்ளிக்கூடத்தையும் மூடியது. முத்துலட்சுமி ரெட்டி 1886ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். வயசுக்கு வந்ததும் அவரும் பள்ளியை விட்டு நின்றார். மற்றவர்களுக்கும் அவருக்கும் வித்தியாசம், அப்பா நாராயணசாமி வீட்டிலேயே வைத்துப் பாடம் நடத்தியதுதான். பிறகு புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்கள் நடுவே சேர எதிர்ப்பு கிளம்பியபோது மன்னர் அனுமதித்தார். 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் வந்து துணைத் தலைவர் ஆனார். பெண்ணின் திருமண வயதை உயர்த்தச் சொல்லி அங்கே பேசியவர், அந்த ஒரு நாள் தன் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கப் பார்த்ததை அனுபவித்தவர். அப்போது மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர் ப. சுப்பராயன். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார், நம்ம ஜில்லாக்காரர். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குப் பதினாறு வயதுக்கு மேல்தான் கல்யாணம் என்று தீர்மானம் போட்டது. அதே வருஷம் வந்த சாரதா சட்டம் பதினாலோடு நின்றது. சட்டம் அமலுக்கு வந்தது 1930 ஏப்ரல் 1. இடையில் கிடைத்த ஆறு மாசத்தில் நாடு முழுக்க அவசர அவசரமாகக் குழந்தைக் கல்யாணங்களை நடத்தி முடித்தார்கள்.

இத்தனை சட்டச் சண்டையிலும் ஒரு குழந்தையின் உடம்பில் எது எந்த வரிசையில் நடக்கிறது என்று பக்கத்திலிருந்து பொறுமையாகப் பார்த்தவர் யாருமில்லை. அதைச் செய்தது லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டன் என்ற ஊரில், பெற்றோரோடு இருக்க வழியில்லாத குழந்தைகள் விடுதியில். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு தொடங்கிய வேலை. ஜேம்ஸ் டேனர் சில மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தையையும் அளந்து, படமெடுத்து, வருஷக்கணக்கில் தொடர்ந்தார். கேட்க நாதியில்லாத பிள்ளைகளை நிர்வாணமாகப் படமெடுத்த ஆய்வு அது. இன்றைக்கு எந்த அறக்குழுவும் சம்மதிக்காது. அந்த உறுத்தலோடுதான் அதன் முடிவை எடுத்துக்கொள்ள வேண்டும். 1969ல் 192 பெண் குழந்தைகளைப் பற்றியும், அடுத்த வருஷம் 228 ஆண் குழந்தைகளைப் பற்றியும் மார்ஷலும் டேனரும் எழுதிய கட்டுரைகள் உலகமெங்கும் மருத்துவர்களின் அளவுகோலாக இருக்கின்றன.

அதில் தெரிந்த வரிசை இது. பெண் குழந்தைக்குப் பருவம் உதிரத்தில் தொடங்குவதில்லை. முலைக்காம்புக்கு அடியில் புளியங்கொட்டை அளவு ஒரு திரட்சி, தொட்டால் வலிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் முதலில் வரும், மறுபக்கம் சில மாதம் கழித்து. எட்டு வயதிலிருந்து பதிமூன்றுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். (எட்டுக்கு முன்னால் என்றால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.) கூடவோ பின்னாலோ முடி, வியர்வையில் புது வாசனை, வெள்ளைப்படுதல். பிறகு உயரம் கிடுகிடுவென்று ஏறும். அந்த வேகம் உச்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பித்த பிறகுதான் முதல் உதிரம். முதல் திரட்சியிலிருந்து இரண்டு, இரண்டரை வருஷம் கழித்து. அதற்கப்புறம் பெரும்பாலான பெண்கள் ஐந்தாறு சென்டிமீட்டர்தான் வளர்கிறார்கள்.

நாம் மேளம் வைத்துத் தொடக்கமாகக் கொண்டாடும் நாள், உடம்பின் கணக்கில் கிட்டத்தட்டக் கடைசி அத்தியாயம்.

பையன்களுக்கு மேளமும் இல்லை, வார்த்தையும் இல்லை. விரை பெரிதாவதில் தொடங்குகிறது, யாரும் கவனிப்பதில்லை. குரல் உடைந்தால் சிரிப்பார்கள். பாதிப் பையன்களுக்காவது ஒரு கட்டத்தில் மார்பு கொஞ்சம் வீங்கி வலிக்கும், ஒன்றிரண்டு வருஷத்தில் தானாக வடியும். அது தெரியாமல் சட்டையைக் கழற்றாமல், கிணற்றில் குதிக்காமல் ஒதுங்கிய பையன்கள் எல்லா ஊரிலும் உண்டு.

தமிழுக்கு இந்த வரிசை தெரியாமல் இல்லை. பாட்டியல் நூல்கள் பெண்ணின் வயதை ஏழாகப் பிரித்தன. பேதைக்கும் மங்கைக்கும் நடுவில் பெதும்பை என்று ஒரு பருவம். பரவலான கணக்குப்படி 8 முதல் 11. டேனர் அளந்த தொடக்க வருஷங்கள் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். அதைப் பாடியவர்கள் உலாப் போகும் ராஜாவின் கண்ணால் பார்த்தார்கள் என்பது வேறு வருத்தம். இதைவிட எனக்குப் பிடித்தது நம்ம பக்கத்து ‘தெரட்டி’. திரளுதல். மோரில் வெண்ணெய் திரள்கிற மாதிரி, கண்ணுக்குத் தெரியாமல் நேரமெடுத்துச் சேர்வது. ‘சமைஞ்சுட்டா’ என்பதும் அப்படித்தான், பக்குவமாகும் நேரம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. சொற்கள் நடப்பதைச் சொல்கின்றன. சடங்கு தேதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

சரி, வயசு ஏன் குறைந்தது? வட ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெண்கள் சராசரியாக 15, 16 வயதில்தான் பருவமடைந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அது 13ஐ ஒட்டி வந்துவிட்டது. அங்கே வெயில் ஏறவில்லை, அப்போது பிராய்லரும் இல்லை. சோறு கிடைத்தது, சுத்தமான தண்ணீர் கிடைத்தது, அடிக்கடி வந்த காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் குறைந்தன. உலகப் போர்களின் பஞ்சத்தில் சில நாடுகளில் வயசு மறுபடி ஏறியதும் பதிவாகியிருக்கிறது. 1970களில் ரோஸ் ஃபிரிஷ், உடம்பில் போதிய எடையும் கொழுப்பும் சேர்ந்தால்தான் மூளை அனுமதி கொடுக்கிறது என்றார். நம்ம பண்ணைக்காரர் சொல்வதும் அதுதான். அவர் சொன்ன குறிப்பிட்ட கிலோ கணக்கு அப்படியே நிற்கவில்லை. ஆனால் கொழுப்புச் செல்லிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகும் லெப்டின் 1994ல் கண்டுபிடிக்கப்பட்டபோது அவர் உள்ளுணர்வுக்கு ஒரு அடித்தளம் கிடைத்தது. மூளையில் பருவத்தின் கதவைத் திறப்பது கிஸ்பெப்டின் என்று 2003ல் தெரிந்தது. அதன் மரபணுவை முதலில் கண்டெடுத்தவர்கள் இருந்த ஊர் ஹெர்ஷி, சாக்லேட் ஊர். அந்த ஊர் ‘கிஸ்’ மிட்டாயின் பெயரை வைத்துவிட்டார்கள். கோழிக்கு அந்த மரபணுவே இல்லை.

வெயில் கதையை மொத்தமாகக் கவிழ்த்த சான்று ஸ்வீடனிலிருந்து வந்தது. இந்தியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டு அங்கே வளர்ந்த நூற்றுச் சொச்சம் பெண்களைப் பற்றி 1991ல் ஓர் ஆய்வு. பனி கொட்டும் நாட்டில் அவர்கள் பருவமடைந்த நடு வயது 11.6. ஸ்வீடன் பெண்களைவிடவும் சீக்கிரம், இந்தியாவில் வசதியான வீட்டில் வளர்ந்தவர்களைவிடவும் சீக்கிரம். பட்டினியில் தொடங்கி, திடீரென்று நல்ல சாப்பாடு கிடைத்து, உடம்பு விட்டதைப் பிடிக்க ஓடியதன் விளைவு என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஓடியதற்கு விலையும் இருந்தது: சீக்கிரம் பருவமடைந்த பலர் உயரத்தில் குட்டையாக நின்றார்கள்.

தமிழ்நாட்டிலும் சோறு வந்தது. 1982ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989ல் அதில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை, 2010ல் வாரம் ஐந்து. அந்த முட்டைகளில் பெரும்பங்கு நாமக்கல் வட்டாரத்து முட்டை. பாட்டி பதினைந்தில், அம்மா பதினாலில், பேத்தி பதினொன்றில் என்று குறைந்ததில் இந்தப் பக்கத்துக் கோழிக்கும் கொஞ்சம் பங்கு இருக்கத்தான் செய்கிறது, குற்றமாக அல்ல. இன்றைக்கு நகரத்துக் குழந்தைகளிடம் கூடுகிற உடல் பருமனும் சேர்ந்து வயசை இன்னும் இறக்குகிறது. அதுவும் கோழியால் அல்ல, நொறுக்குத்தீனியாலும் ஓடியாடாததாலும்.

காரணத்தைத் தப்பாகச் சொன்னால் என்ன போச்சு என்று கேட்கலாம். போகிறது. ஒன்பது வயதுப் பெண் ‘நெஞ்சுல கட்டி’ என்று அழுதால் அது புற்றுநோயா என்று அலைகிறார்கள், இல்லை ‘சத்தம் போடாதே’ என்கிறார்கள். அரசுப் பாடநூலில் ‘வளரிளம் பருவமடைதல்’ பாடம் எட்டாம் வகுப்பில். அதற்குள் வகுப்பில் பாதிப் பெண்களுக்கு மேல் கதை நடந்து முடிந்திருக்கும். கிராமத்துப் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் ‘புது யுகம்’ திட்டம் பத்து வயதிலிருந்தே தொடங்குகிறது. துணியைக் கையில் கொடுத்துவிட்டு விளக்கத்துக்கு மூன்று வருஷம் காக்க வைக்கிறோம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டை பக்கம் அணைக்காட்டில், முதல் முறை வயசுக்கு வந்த சிறுமி ஒருத்தி வீட்டுக்குள் சேர்க்கப்படாமல் தென்னந்தோப்பை ஒட்டிய குடிசையில் படுக்க வைக்கப்பட்டிருந்தாள். தென்னை சாய்ந்து இறந்துபோனாள். நம்ம பக்கம் தாய்மாமன் கட்டும் பச்சை ஓலைக் குடிசை இப்போது பெரும்பாலும் போட்டோவுக்குத்தான். ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தென்னை நினைவுக்கு வருகிறது.

இன்னொன்று சாப்பாட்டுத் தட்டில் நடக்கிறது. வயசுக்கு வந்த அன்றைக்குப் பெண்ணுக்குப் பச்சை நாட்டுக்கோழி முட்டை, மேலே நல்லெண்ணெய், கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. இடுப்பு வலுக்கணும் என்பார்கள். நல்ல சாப்பாடுதான், குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வருஷம், உயரம் ஏறி எலும்பு இறுகுகிற காலம், “சீக்கிரம் உக்காந்துக்குவ” என்று அந்தப் புள்ளையின் தட்டிலிருந்து கோழித்துண்டை எடுத்து அண்ணன் தட்டில் போடுகிற வீடுகள் இருக்கின்றன. வளர்ச்சி உச்சத்தைச் சுற்றிய இரண்டு வருஷத்தில்தான் ஆயுளுக்கும் தாங்க வேண்டிய எலும்புச் சத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு உடம்பில் சேர்கிறது.

பண்ணையில் இதற்கென்று தனித் தீவனம் உண்டு. முதல் முட்டைக்கு இரண்டு வாரம் முன்னால் சுண்ணாம்புச் சத்தைக் கூட்டிப் போடுவார்கள். முட்டை வந்த பிறகு போட்டால் ஓடு எலும்பிலிருந்துதான் போகும், கோழி கால் தளர்ந்து உட்கார்ந்துவிடும் என்று அந்தக் கொட்டகையில் கூடை தூக்கும் அம்மாவைக் கேட்டாலும் சொல்லும்.